கொரேரா வீட்டு மூச்சு

என் மகள் ஈவாஞ்சலின், பிறருக்கு மூச்சுப் பயிற்சி அளிக்கும் தகுதியைப் பெறுவதற்காக நானூறு மணி நேரம் படித்தாள். இதைச் சொன்னால் எங்கள் தெருவில் சிரிக்காதவர் குறைவு.

"நானூறு மணி நேரமாவே? அதுக்குள்ள நாலு நிலக்கரிக் கப்பலக் காலி பண்ணிரலாமே" என்றார் செந்தூர்பாண்டி. துறைமுகத்தில் நான் போர்மேனாக இருந்தபோது சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டியவர். இருவரும் ஓய்வு பெற்று வருடங்கள் ஆகிவிட்டன. இன்னும் தினம் காலையில் வந்து என் செய்தித்தாளைப் படித்துவிட்டு, என்னையும் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். "கொரேரா வீட்டுப் பிள்ளைக்கு மூச்சு சொல்லிக்குடுக்க மதுரையில ஆள் இருக்காக்கும்!"

"இருக்காங்க. நல்லாச் சொல்லிக்குடுக்காங்களாம். நீரும் போயிருந்தா பீடிய விட்டிருப்பீரு" என்றேன்.

அவர் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. கொரேரா வீட்டு மூச்சைப் பற்றி இந்தக் கரையில் தெரியாதவர் இல்லை. என் தகப்பனார் சவேரியான் கொரேரா, அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பில் இறங்கியவர். அது நின்ற பிறகு சங்கு குளித்தார். துறைமுக வேலை கிடைக்கும்வரை நானும் பன்னிரண்டு வருடம் சங்கு குளித்தேன். நான்கு தலைமுறையாக எங்கள் வீட்டில் கடலுக்குள் இறங்கிய ஒருவனும் திரும்பி ஏறாமல் இருந்ததில்லை. இதைவிடப் பெரிய பட்டம் எனக்குத் தெரியாது. என் தகப்பனார் ஐந்து நிமிடம் மூச்சடக்குவார் என்று சிலர் கதை சொல்வார்கள். அவர் அடக்கியது ஒன்றரை நிமிடம். ஐந்து நிமிடம் என்கிறவன் எங்களைப் புகழவில்லை. கடலை அறியாமல் பேசுகிறான்.

ஈவாஞ்சலின் பிசியோதெரபி படித்தவள். கொரோனா வந்து போன பிறகு, குளியலறைக்கு நடந்து போவதற்கே மூச்சு வாங்கியவர்களுக்கு உதவப்போய், இந்தப் பக்கம் திரும்பினாள். உடனே பலகை மாட்டிவிடவில்லை. ஒரு சனி ஞாயிறில் எதையோ கற்றுக்கொண்டு வந்து, திங்கட்கிழமை 'மூச்சு குரு' என்று போஸ்டர் ஒட்டியவர்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களைக் கேட்பார் இல்லை. அவளோ, பயிற்றுநர்கள் தாங்களே கூடி அமைத்துக்கொண்ட மூச்சுப் பயிற்றுநர் பேரவையில் சேர்ந்தாள். இரண்டு வருடம் வார இறுதிதோறும் மதுரைக்குப் போய் வந்தாள். படிப்பு நானூறு மணி நேரம். அதற்கு மேல், மூத்த பயிற்றுநர் ஒருவர் பக்கத்தில் இருக்க, நூறு மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும்.

பேரவையின் விதிப் புத்தகத்தை நான் முழுவதும் வாசித்திருக்கிறேன். நாற்பத்திரண்டு பக்கம். வகுப்புக்கு வருகிற ஒவ்வொருவரும் உடல்நிலைப் படிவம் நிரப்பித் தர வேண்டும். பயிற்றுநர் அதைப் படித்த பிறகே வகுப்பைத் தொடங்கலாம். ரத்த அழுத்தம், இதய நோய், வலிப்பு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேக மூச்சும் மூச்சடக்குதலும் கிடையாது. மெதுவாக இழுத்து மெதுவாக விடுவது மட்டும். நோய் தீரும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. ஒருவரது உடல்நிலையை அவருடைய சம்மதம் இல்லாமல் வேறு எவரிடமும் சொல்லக் கூடாது. துறைமுகத்தில் முப்பது வருடம் பாதுகாப்பு விதிகளோடு காலம் தள்ளிய எனக்கு, இதை எழுதியவர்கள் வேலை தெரிந்தவர்கள் என்று புரிந்தது.

கடைசியாக ஒரு படி பாக்கி இருந்தது. பேரவையிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பார்ப்பார். அவர் பரிந்துரைத்தால் பதிவு கிடைக்கும். பதிவு இருந்தால்தான் நுரையீரல் டாக்டர்கள் தங்கள் நோயாளிகளை அவளிடம் அனுப்புவார்கள். பரிந்துரைக்காவிட்டால் ஒரு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும். அதுவரை வகுப்பே நடத்தக் கூடாது. அப்போது பயிற்சிக் காலத்து அனுமதியில் அவளிடம் பதினெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். செந்தூர்பாண்டியும் அதில் ஒருவர். கேலி பேசிக்கொண்டே வந்து சேர்ந்தவர், இப்போது சந்தை வரைக்கும் உட்காராமல் நடக்கிறார்.

இனி என் தவறைச் சொல்ல வேண்டும்.

மதிப்பீட்டுக்குப் பத்து நாள் முன்பு, பேரவையின் மாவட்டச் செயலாளர் முத்துச்செல்வம் இடத்தை உறுதிப்படுத்த வீட்டுக்குப் போன் செய்தார். மகள் இல்லை, நான்தான் எடுத்தேன். பேச்சுவாக்கில், நாங்கள் கடல் குளித்த குடும்பம் என்று சொன்னேன். தரையில் உட்கார்ந்து இன்றைக்கும் இரண்டு நிமிடம் அடக்குவேன் என்றும் சொன்னேன். கேட்காமல் நானாகச் சொன்னதுதான்.

"அண்ணாச்சி, இது தெரியாமப் போச்சே! வகுப்பு முடியவும் ஒரு டெமோ வச்சிருவோம். நம்ம பேரவைக்கே பெருமைல்லா" என்றார் அவர்.

"வைங்க" என்றேன்.

மாலையில் மகளிடம் சொன்னேன். மருமகன் டெரன்ஸ் கப்பலில் வேலை செய்வதால் அவள் எங்கள் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறாள். கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம்ப்பா."

"என்னத்துக்கு வேண்டாம்?"

"என்னத்துக்குன்னு உங்களுக்குத் தெரியும்."

தெரியும். பிப்ரவரி மாதம் ஒருநாள் மாடிப்படியில் ஏறும்போது எனக்குக் கண் இருண்டது. விழித்தபோது படிக்கட்டில் கிடந்தேன்; என் தலை மகளின் மடியில் இருந்தது. டாக்டர் ரத்த அழுத்தம் என்று சொல்லி, தினம் இரண்டு மாத்திரை எழுதினார். ஆஸ்பத்திரி வாசலிலேயே மகளிடம் சொல்லிவிட்டேன்: "ஏளா, இது உன்னோட இருக்கட்டும். பன்னிரண்டு வருசம் கடல் குளிச்சவன் வீட்டுப் படியில விழுந்தான்னு ஒருத்தர் வாயில வரக் கூடாது." அவள் தன் கணவனிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் வேண்டாம் என்றதோடு விஷயம் முடிந்தது என்று அவள் நினைத்தாள். இந்த வீட்டில் முடிவு சொல்கிறவன் நான் என்று நான் நினைத்தேன். முத்துச்செல்வத்துக்கு நான் மறு போன் செய்யவில்லை.

மதிப்பீட்டு நாளான ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவள் வகுப்பு நடக்கும் மண்டபத்துக்குப் போனேன். வாசலில் படிவம் கொடுத்தார்கள். பதினோரு கேள்விகள். ரத்த அழுத்தம் உண்டா? மயக்கம் வந்ததுண்டா? மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தயங்காமல் எழுதினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சங்கு குளிக்கப் போகும் எங்கள் வள்ளத்தில் காது வலி, மண்டைக் கனம் என்று வாய் திறந்தவனுக்கு அன்றைக்கு வள்ளத்தில் தண்ணீர் இறைக்கும் வேலைதான். கடலில் இறங்க வேண்டிய குளியாளி ஒருவன் தண்ணீர் இறைக்க உட்கார்ந்தால், அவன் பெண்டாட்டி தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. ஆகையால் யாரும் சொல்வதில்லை. நானும் பன்னிரண்டு வருடம் சொன்னதில்லை. என் இடது காது கேளாமல் போனது அப்படித்தான். நோயைச் சொல்லாமல் இருப்பது எங்களுக்குப் பொய்யாகத் தோன்றாது. மரியாதை என்று தோன்றும்.

மதிப்பீட்டாளர் அருணாசலவடிவு கடைசி வரிசையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். தாமிரபரணிக் கரையில் வயல்காரக் குடும்பம். நர்சிங் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. சிரிக்காத முகம். எனக்கு அப்படிப்பட்டவர்களைப் பிடிக்கும்.

ஈவாஞ்சலின் படிவங்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். என்னுடையதைப் படித்ததும் அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. என் அருகில் வந்து, குனிந்து, என் கேட்கிற காதில் சொன்னாள்: "அப்பா, நீங்க பின்னால நாற்காலி வரிசைக்குப் போங்க. மெதுவா விடுறது மட்டும் செய்ங்க."

நாற்காலி வரிசை நோயாளிகளுக்கானது. செந்தூர்பாண்டி அங்கே இருந்தார். நான் முதல் வரிசைப் பாயில் இருந்து அசையவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.  அவள் நிமிர்ந்து, வகுப்பைத் தொடங்கப் போய்விட்டாள்.

வகுப்பு முக்கால் மணி நேரம் நடந்தது. அவள் வேலை செய்வதை அன்றுதான் நான் முழுவதாகப் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை. பதினெட்டுப் பேரின் தோள்களும் அவள் கண்ணில் இருந்தன. ஒரு பெண்மணி விரல் மரத்துப்போகிறது என்றதும், அவரைத் தனியே உட்கார வைத்து, மூச்சைச் சாதாரணமாக விடச் சொல்லி, தேறும்வரை பக்கத்திலேயே இருந்தாள். செந்தூர்பாண்டி வழக்கம்போல், "ஏம்மா, உள்ள இழுத்தா இருமல் வருது, வெளிய விட்டா கொட்டாவி வருது, நான் எதத்தான் செய்ய?" என்றபோது அவளும் சிரித்தாள். "கொட்டாவி நல்லதுதான் மாமா. அதையும் மெதுவா விடுங்க" என்றாள். மதிப்பீட்டாளரின் பேனா ஓடிக்கொண்டே இருந்தது.

முடியும் நேரத்தில் முத்துச்செல்வம் மைக்கை எடுத்தார்.

"நம்ம முத்து நகரத்துக்குப் பெருமை சேர்த்த கொரேரா குடும்பத்துல, நாலாவது தலைமுறை அம்புரோஸ் அண்ணாச்சி இப்ப நமக்கு முன்னால மூச்சடக்கிக் காட்டுவாங்க. பயிற்சியாளர் மேடத்தோட அப்பாங்கிறது கூடுதல் சிறப்பு."

கைதட்டினார்கள். நான் முதுகை நிமிர்த்தினேன்.

"இல்ல சார். என் வகுப்புல இது கிடையாது" என்றாள் ஈவாஞ்சலின்.

"மேடம், நோட்டீஸ்ல போட்டாச்சு. ரெண்டே நிமிசம்தான்."

"நோட்டீஸ் நான் போடல. இன்னும் வகுப்பு முடியல. முடியுற வரைக்கும் இங்க இருக்கவங்களுக்கு நான்தான் பொறுப்பு."

மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பின்னாலிருந்து செந்தூர்பாண்டி, "என்னவே கொரேரா, மூச்சு விட மகள்ட்ட உத்தரவு வாங்கணுமோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு முகம் சுட்டது. "யாருட்டயும் வாங்க வேண்டாம். கடியாரத்தப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி நெஞ்சு நிறைய இழுத்தேன்.

ஈவாஞ்சலின் நாலே எட்டில் வந்தாள். என் முன்னால் மண்டியிட்டு, இரண்டு தோள்களையும் பிடித்தாள்.

"விடுங்கப்பா. இப்ப விடுங்க."

அவள் குரலில் கெஞ்சல் இல்லை. மகள் தகப்பனிடம் பேசும் குரலும் இல்லை. நான் விட்டுவிட்டேன். ஏன் விட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏற்றுமதிக் கப்பல் காப்டன் சொல்லியும் நான் கேளாத நாள்கள் உண்டு.

அருணாசலவடிவு எழுந்து முன்னால் வந்தார். "ஒருத்தர நிறுத்துனா காரணம் பதிவுல வரணும்மா. இவங்க படிவத்துல எல்லாத்துக்கும் இல்லன்னுதான் இருக்கு. எதுக்கு நிறுத்துன?"

"எனக்குக் காரணம் தெரியும் மேடம். அதச் சொல்லுறதுக்கு எனக்குச் சம்மதம் கிடைக்கல."

"யாரு சம்மதம்?"

"அவங்க சம்மதம்."

"மதிப்பீட்டாளர் எங்கிட்டயும் சொல்ல மாட்டியா?"

"விதியில உங்களுக்குன்னு தனியா விலக்கு இல்லையே மேடம்."

அருணாசலவடிவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப, காரணம் காட்டாம ஒருத்தர நிறுத்துனதா எழுத வேண்டியிருக்கும். அதோட பலன் உனக்குத் தெரியும்."

"தெரியும். எழுதிக்கிடுங்க" என்றாள்.

முத்துச்செல்வம் பதறினார். "மேடம், யோசிங்க. இத விட்டா அடுத்த வருசம்தான். ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

 அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, நேராக நின்றாள். இரண்டு வருட மதுரைப் பயணம், ஐந்நூறு மணி நேரம், பதினெட்டுப் பேர் — எல்லாம் என் வாயில் மாட்டிக்கொண்டு கிடந்தன.

எங்கள் வீட்டில் சொல்லப்படும் ஒரு சங்கதி உண்டு. என் தகப்பனார் கடலுக்குள் இறங்கும்போது, வள்ளத்தில் இருந்து அவருக்குக் கயிறு பிடித்தவர் என் தாய்மாமன். மச்சான் கயிற்றை மச்சான்தான் பிடிப்பது எங்கள் வழக்கம். தங்கை தாலி அறுவதை எந்த அண்ணனும் விரும்ப மாட்டான் என்ற நம்பிக்கை. ஒரு பருவத்தில் மாமன் திடீரென்று, "இன்னைக்கு இவரு இறங்க மாட்டாரு" என்று கயிற்றைச் சுருட்டிவிட்டார். வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஏசினார். மற்றக் குளியாளிகள் நக்கல் பண்ணினார்கள். மூன்று நாள் இது நடந்தது. தகப்பனாருக்கு விடியற்காலையில் மூக்கில் ரத்தம் வருவது மாமனுக்குத் தெரியும். மூன்று நாளும் அவர் காரணம் சொல்லவில்லை. நாலாம் நாள், மாமன் வாங்கும் ஏச்சு பொறுக்காமல், என் தகப்பனாரே சம்மாட்டியிடம் போய்ச் சொன்னார். அந்தப் பருவம் முழுவதும் அவர் தண்ணீர் இறைத்தார். என் தாயார் தெருவில் எப்படி நடந்தார் என்று நான் கேட்டதில்லை. நடந்திருப்பார்.

நான் எழுந்தேன். யார் கையையும் பிடிக்கவில்லை.

"காரணத்த நான் சொல்லுதேன். எழுதிக்கிடுங்கம்மா" என்றேன். மைக் தேவைப்படவில்லை. "எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. தினம் ரெண்டு மாத்திரை சாப்பிடுதேன். பிப்ரவரி மாசம் மயங்கி வீட்டுப் படியில விழுந்தேன். படிவத்துல நான் எழுதினது பொய். இத வெளிய சொல்லக் கூடாதுன்னு எம் மகள்ட்ட நான்தான் சொன்னேன். இந்த டெமோவும் அவ வேண்டாம்னு சொல்லியும் நான் ஒத்துக்கிட்டது. இவ்வளவுதான்."

 முதலில் பேசியவர் செந்தூர்பாண்டி.

"அடப்பாவி மனுசா, பிரசரா? எனக்குப் பன்னெண்டு வருசமா இருக்கு. நான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன். இதுக்கா இம்புட்டு வீராப்பு?"

"ஒம்ம வீட்டுல சொல்லுவிய. எங்க வீட்டுல சொல்ல மாட்டோம்" என்றேன். "இனிமே சொல்லுவோம்."

அருணாசலவடிவு தன் இடத்துக்குப் போய்ப் பத்து நிமிடம் எழுதினார். யாரும் கலையவில்லை. ஈவாஞ்சலின் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், என்னைப் பார்க்கவில்லை.  நானும் அவளைப் பார்க்கவில்லை.

எழுதி முடித்ததும் அருணாசலவடிவு எல்லோரும் கேட்கும்படி வாசித்தார். பயிற்றுநர் ஆபத்தான பயிற்சியை உரிய நேரத்தில் நிறுத்தியது சரி. தனக்கு நட்டம் வரும் என்று தெரிந்தும் பங்கேற்பாளரின் ரகசியத்தைக் காத்தது மிகவும் சரி. பேரவையின் செயலாளரே பயிற்றுநரைக் கேளாமல் மூச்சடக்கும் காட்சியை அறிவித்தது விதிக்கு முரண். அதைத் தலைமைக்குத் தெரிவிக்கிறேன். முத்துச்செல்வம் தலையைச் சொறிந்தார். தன் ஆள் செய்த பிழையைத் தானே எழுதி வைக்கிற அமைப்பில் என் மகள் சேர்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஒரு குறையும் இருக்கு" என்று நிமிர்ந்தார். "படிவம் பொய்னு தெரிஞ்சப்பவே இவங்கள எழுப்பி அனுப்பியிருக்கணும். வகுப்பத் தொடங்கியிருக்கக் கூடாது. சொந்த வீட்டு ஆளச் சேர்க்கக் கூடாதுன்னும் விதி இருக்கு."

"ஆமா மேடம்" என்றாள் ஈவாஞ்சலின். "அப்பாவ எல்லாருக்கும் முன்னால எழுப்ப எனக்கு மனசு வரல. தப்புதான்."

"அந்த மனசுக்காக நாலு மணி நேரம் ஒழுக்க விதி வகுப்புல மறுபடி உக்காரணும். பதிவுக்குப் பரிந்துரைக்கிறேன்."

பின்னால் நாற்காலி வரிசையில் இருந்து கைதட்டல் தொடங்கியது. செந்தூர்பாண்டி தட்டித் தட்டி இருமல் வந்துவிட்டது. ஈவாஞ்சலின் ஓடிப்போய் அவர் முதுகைத் தடவி, "மெதுவா மாமா, மெதுவா" என்றாள்.

அருணாசலவடிவு அறிக்கையை என்னிடம் நீட்டினார். "அய்யா, நீங்க சொன்னத நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். கட்டாயம் இல்ல. ஆனா இருந்தா உங்க மகளுக்கு நல்லது. இது ரகசியமாத்தான் இருக்கும்."

"ரகசியம் வேண்டாம்" என்றேன். "கேக்கிறவங்களுக்குக் காட்டலாம்னும் எழுதித் தாரேன்."

என் சொந்தப் பேனாவை எடுத்தேன். சொன்னதை ஒரு வார்த்தை குறையாமல் எழுதினேன். செந்தூர்பாண்டி எட்டிப் பார்த்து, "இனிசியல் போட்டாப் போதும்வே" என்றார். நான் சவேரியான் கொரேரா மகன் அம்புரோஸ் கொரேரா என்று முழுவதும் எழுதினேன்.

அந்தத் தாள் பேரவை அலுவலகத்தில் இருக்கிறது. மேல் பாதியில் என் மகளின் பெயரும் அவளைப் பதிவு செய்யலாம் என்ற பரிந்துரையும். கீழ்ப் பாதியில் நான் பொய் எழுதினேன் என்பதும் என் கையெழுத்தும். பார்க்க விரும்புகிறவர்கள் போய்ப் பார்க்கலாம்.